கசிவு

முதல் நாள் என்னைக் கண்டதும்
அது ஊரைக் கூட்டியது.
கூட்டுவதற்கு அங்கே ஊர் இல்லை.
இரண்டு சில்லர், மூன்று தண்ணீர்த் தொட்டி,
வெயில் தாங்கக் கொட்டிய ஜல்லி,
தொலைவில் பெல்லந்தூர் ஏரியின் நுரை.

பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பிப் பதினோராவது நாள்.
இரண்டாம் மாடியில் தாய்மார் அறை ஒன்று உண்டு.
சோபா, குட்டி ஃப்ரிட்ஜ், சுவரில் யானைக்கன்று.
என் கார்டைக் காட்டினால் சிவப்பு விளக்கு.
கான்ட்ராக்ட் ஆட்களை அந்தக் கதவுக்கு
இன்னும் தெரியாதாம்.
அதனால் மொட்டை மாடி,
பம்ப் ரூம் நிழல்,
கதவுக்கு முட்டுக்கொடுக்க டூல் பெட்டி.

கிடந்த ஜல்லியில் நான்கு மட்டும்
கொஞ்சம் முனை மழுங்கி இருந்தன.
இன்னும் ஓரடி வைத்திருந்தால் என் பூட்ஸ்.

டிட்டிப, என்றார் காவலுக்கு நிற்கும் பசலிங்கப்பா.
ராய்ச்சூரில் அவர் உழும்போது
முட்டைக்கு வழிவிட்டு ஏரைத் திருப்புவாராம்.
கிருஷ்ணகிரிப் பக்கம் நாங்கள் ஆள்காட்டி என்போம்.
வேடன் வருவதை மானுக்குச் சொல்லிவிடும்.
இங்கே ஆளைக் காட்டக் கேமரா இருக்கிறது,
நான் பாத்ரூம் போன நிமிடத்தைக் குறித்துக்கொள்ள
சூப்பர்வைசர் தாமோதர் இருக்கிறார்.
மான்தான் இல்லை.
அது விடவில்லை. தினமும் என்னைக் காட்டியது,
தண்ணீர்த் தொட்டிகளுக்கு.

சித்திரை.
சில்லரிலிருந்து ஒழுகியது ஒரு பள்ளத்தில் தேங்கிக் கிடக்கும்.
பன்னிரண்டரைக்கு அதில் இறங்கி
வயிற்றை இப்படியும் அப்படியும் தேய்த்து,
சொட்டச் சொட்ட நடந்து வந்து
முட்டைகள் மேல் உட்காரும்.
சூடு கொடுக்க அல்ல, எடுக்க.
அடைகாப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்தது
அதுவரை பாதிதான்.

அதே நேரத்துக்கு என் சட்டையும் நனையும்.
மாரத்தஹள்ளியில் பாட்டிலைத் தட்டிவிட்டு அழுகிறாள் என்று
மேல்வீட்டு ஷகீரா போனில் காட்டுவாள்.
வேண்டாம் அக்கா, கேட்டால் இன்னும் வரும்.

ஒழுகலை அடைக்கச் சொல்லி டிக்கெட் வந்திருந்தது.
பாகம் வரவில்லை, என்று எழுதினேன்.
அடுத்த வாரமும் பாகம் வரவில்லை.
கேஸ்கெட் என் டூல் பெட்டியில், உறை பிரிக்காமல்.

பதினெட்டாம் நாள் கத்துவதை நிறுத்தியது.
பழகிவிட்டோம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.
பசலிங்கப்பா சிரித்தார்:
தொண்டை காய்ந்திருக்கும், மேடம்.

மூன்று பொரிந்தன.
நான்காவது ஜல்லியாகவே இருந்துவிட்டது.

ஈரம் காய்ந்ததும் குஞ்சுகள் நடந்தன,
ஊதுவத்திக் குச்சியில் நிறுத்திய பஞ்சு.
இந்தப் பறவைக்கு ஊட்டத் தெரியாது.
கூப்பிடத்தான் தெரியும்.
நான்கு மாடிக்குக் கீழே, புல்வெளியிலிருந்து
அது கூப்பிட்டது.
கைப்பிடிச் சுவரின் அடியில்
மழைத்தண்ணீர் போக ஒரு துவாரம்.
ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு ஓடினேன்.
ஒன்றைக் கவிழ்த்துப் பிடிப்பதற்குள்
மற்ற இரண்டும் இல்லை.

எட்டிப் பார்க்கவில்லை.
லிஃப்ட்டில் ஆறு பேர்.
மார்போடு அணைத்த மஞ்சள் ஹெல்மெட்,
அதற்குள் கீச்சென்று ஒன்று,
ஈரச் சட்டை.
எல்லோரும் போனைப் பார்த்தார்கள்.

புல்லில் அந்த இரண்டும்
ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தன,
விழுந்தது வேறு யாரோ என்பதுபோல.
மூன்றாவதை இறக்கிவிட்டேன்.
தாய் என் தலைக்கு நேராக இறங்கி
கட்டடம் முழுக்கக் கேட்கும்படி
என்னைக் காட்டிக்கொடுத்தது.

மாலையில் தாமோதர் கேட்டார்:
பன்னிரண்டு முப்பத்தொன்றிலிருந்து ஐம்பதுவரை எங்கே?
மாடியில். கசிவு, என்றேன்.
எது கசிந்தது என்று
அவர் கேட்கவில்லை.